கழுத்தில் நெட்டி முறித்தால் பேச்சு வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, எல்லை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று பல ஊர்களில் சமீபமாக ஒரே மாதிரி நோட்டீஸ்கள் சுவரில் தென்படுகின்றன. தமிழ் ஒரு பக்கம், மலையாளம் மறுபக்கம். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும்), பேச்சுத் தாமதம், மூளை முடக்குவாதம், டவுன் சின்ட்ரோம் எல்லாவற்றுக்கும் காரணம் கழுத்தெலும்பு விலகல்தான், அதைச் சரிசெய்தால் நரம்புத் தடை நீங்கும், இது மருந்தில்லா அமெரிக்க முறை என்பதே அவற்றின் சாரம். கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பைக் கையால் அழுத்தியும் திருப்பியும் செய்யும் சிகிச்சை, என்று சிலர் பெயர் சொல்கிறார்கள். வேறு சிலர் அதோடு வர்மத்தையும் சேர்த்து எழுதுகிறார்கள்.

நாங்கள் இந்த எல்லைப் பகுதியில் இப்படிப்பட்ட குழந்தைகளோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட், ஓ.டி. (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்), பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர்கள். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: "ஒரு தடவை போய்ப் பார்த்தால் என்ன நட்டம்?" அந்தக் கேள்விக்கு நின்றபடி சொல்லும் பதில் போதவில்லை என்பதால் இந்தக் கடிதம்.

கைரோபிராக்டிக் 1895ல் அமெரிக்காவின் அயோவா மாநிலம், டேவன்போர்ட் நகரில் பிறந்தது. காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்த டி.டி. பால்மர் என்பவர், காது சரியாகக் கேளாத ஹார்வி லில்லர்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பில் புடைத்திருந்த இடத்தை அழுத்தியதும் அவருக்குக் கேட்கத் தொடங்கியது என்பது அத்துறை சொல்லும் தொடக்கக் கதை. செவி நரம்பு முதுகெலும்புக்குள் போவதே இல்லை. உள்காதிலிருந்து மண்டையோட்டுக்குள்ளாகவே நேராக மூளைத்தண்டுக்குப் போய்விடுகிறது. ஆனாலும் எலும்பு சற்று விலகி நரம்பை அமுக்குவதே நோய்களுக்கு வேர் என்ற கொள்கை அங்கிருந்துதான் கிளம்பியது. பிரிட்டனில் அந்தத் தொழிலையே ஒழுங்குபடுத்தும் பொது கைரோபிராக்டிக் கவுன்சில், இந்த "விலகல்" என்பது வரலாற்றுக் கருத்து மட்டுமே, நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்று 2010ல் தன் உறுப்பினர்களுக்கே எழுதிவிட்டது. பெரியவர்களின் இடுப்பு வலிக்கு இந்த முறை ஓரளவு உதவுகிறது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. இடுப்பு வலியும் ஆட்டிசமும் ஒன்றல்ல, அவ்வளவுதான்.

"டக்" என்று கேட்கும் சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெற்றோரை அதிகம் நம்ப வைப்பது அதுதான். எலும்பு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்த சத்தம் என்று விளக்கம் சொல்கிறார்கள். மூட்டின் இரண்டு பரப்பும் சட்டென்று விலகும்போது நடுவில் இருக்கும் வழுவழுப்பான நீரில் அழுத்தம் குறைந்து வாயுக்குழி உண்டாகிறது. சத்தம் அதிலிருந்து வருவது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரலைச் சொடக்கும்போது எம்.ஆர்.ஐ.யில் படம்பிடித்து 2015ல் இதைக் காட்டினார்கள். நாமே விரலை நெட்டி முறித்தால் உடனே இரண்டாம் முறை சத்தம் வராது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் வரும், இல்லையா? எந்த எலும்பும் இடம் மாறாமலே வரும் சத்தம் அது.

அடுத்து எக்ஸ்ரே. கழுத்தைப் பக்கவாட்டில் எடுத்த படத்தை வெளிச்சத்தில் காட்டி, "பாருங்கள், இரண்டாவது எலும்பு மூன்றாவதன் மேல் முன்னால் தள்ளியிருக்கிறது" என்று பேனாவால் சுட்டுவார்கள். படத்தில் அது உண்மையாகவே தள்ளித்தான் தெரியும். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளில் பலருக்கு, ஒரு நோயும் இல்லாதவர்களுக்கும், அப்படித்தான் தெரியும். குழந்தையின் தலை உடலை ஒப்பிட்டால் பெரியது, கழுத்துத் தசைநார்கள் இளகியவை, மூட்டுப் பரப்புகள் பெரியவர்களைவிடத் தட்டையானவை. சிறு வயதில் கழுத்து மடங்கும் மையம் இரண்டாவது, மூன்றாவது எலும்புகளுக்கு நடுவில் இருக்கிறது; வளர வளர அது ஐந்தாவது, ஆறாவது எலும்புக்கு இறங்குகிறது. அதனால் படம் எடுக்கையில் குழந்தை லேசாகக் குனிந்திருந்தாலே இரண்டாவது எலும்பு முன்னால் நழுவியது போலக் காட்டும். கதிரியக்க மருத்துவர்கள் இதற்குப் "பொய் விலகல்" என்று பொருள்படும் பெயரே வைத்திருக்கிறார்கள். முதல் எலும்பின் பின்பக்க வளையத்திலிருந்து மூன்றாவதன் பின்வளையத்துக்கு ஒரு கோடு இழுப்பார்கள். இரண்டாவதன் பின்வளையம் அந்தக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அது இயல்பு. ஆகவே யாராவது இந்தப் படத்தைக் காட்டிப் பயமுறுத்தினால், படத்தையும் சீட்டையும் வாங்கிக்கொண்டு ஒரு குழந்தைகள் எலும்பு மருத்துவரிடமோ கதிரியக்க மருத்துவரிடமோ காட்டிக் கேளுங்கள். சில நிமிட வேலை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளுக்குக் கைரோபிராக்டிக் பலன் தருகிறதா என்று 2010ல் வெளியான ஒரு முறையான தொகுப்பாய்வு, தன் தர அளவுகோலுக்குள் வரும் ஆய்வு ஒன்றுகூட இல்லை என்று முடித்தது. அதை எழுதியவர்கள் அந்தத் துறையைச் சேர்ந்தவர்களே. ஆட்டிசத்துக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் 2006ஆம் ஆண்டு ஆய்வில் 14 குழந்தைகள். ஒரு குழுவுக்கு மேல்கழுத்தில் மட்டும், மறு குழுவுக்கு முழு முதுகெலும்பிலும் "அட்ஜஸ்ட்மென்ட்", அதாவது எலும்பைச் சரிசெய்வதாகச் சொல்லும் தள்ளல், செய்தார்கள். ஒன்றுமே செய்யாத குழு கிடையாது. ஒப்பிட ஆள் இல்லாமல், முன்னேற்றம் சிகிச்சையால் வந்ததா குழந்தை வளர்ந்ததால் வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. மீதியெல்லாம் ஒரு குழந்தை, இரண்டு குழந்தைகளைப் பற்றிய தனித்தனிக் குறிப்புகள்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது நம் அதிகாரிகள் கவனிக்க வேண்டியது. பிறந்து இரண்டு வாரமான குழந்தைக்கு அட்ஜஸ்ட்மென்ட் செய்யும் காணொளி ஒன்று பரவி எதிர்ப்பு எழுந்ததும், அந்நாட்டுக் கைரோபிராக்டிக் வாரியமே 2019ல் இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு முதுகெலும்பு முறுக்குதலை நிறுத்தச் சொன்னது. 2023ன் பிற்பகுதியில் தடையைத் தளர்த்தினார்கள். சுகாதார அமைச்சர்கள் தலையிட, 2024ல் மறுபடி கொண்டுவந்தார்கள். விக்டோரியா மாநிலம் நடத்திய ஆய்வு அங்கே கடுமையான பாதிப்புகள் அதிகம் பதிவாகவில்லை என்றும், பயன் இருப்பதற்கான ஆதாரம் மிகப் பலவீனம் என்றும் சொன்னது. முழுமையாகச் சொல்ல வேண்டுமானால் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2007ல் ஒரு குழந்தை மருத்துவ இதழில் வந்த தொகுப்பு, குழந்தைகளுக்கு முதுகெலும்பு முறுக்கியதால் நேர்ந்த 14 பாதிப்புகளைக் கண்டெடுத்தது. அவற்றில் 9 கடுமையானவை. மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு, கால்கள் செயலிழப்பு உட்பட. இன்னும் 20 குழந்தைகளுக்கு உண்மையான நோயைக் கண்டுபிடிப்பது தாமதமானது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அது பதிவானவற்றின் எண்ணிக்கை. ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் நடக்கும் முகாமில் யார் பதிவு செய்கிறார்கள்?

பொதுவான குழந்தைகளுக்கு அரிதான இந்த ஆபத்து எங்களிடம் வரும் குழந்தைகளில் சிலருக்கு அரிதல்ல. இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படிக்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு உடல் முழுவதும் தசைநார் தளர்வு உண்டு. கழுத்தின் முதல் எலும்பு வளையம் போன்றது; இரண்டாவதிலிருந்து ஒரு முளை எழும்பி அந்த வளையத்துக்குள் நிற்கிறது. முளையை வளையத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பது ஒரு தசைநார்ப் பட்டை. அதன் பின்னாலேயே தண்டுவடம். பட்டை தளர்ந்தால் முளைக்கும் வளையத்துக்கும் இடைவெளி விரியும். இக்குழந்தைகளில் பத்துக்கு ஒன்று இரண்டு பேருக்கு எக்ஸ்ரேயில் அந்த விரிசல் தெரியும். நூற்றுக்கு ஒன்று இரண்டு பேருக்குத் தண்டுவடம் நசுங்கும் அறிகுறிகளும் வரும். இந்தக் கழுத்தை இரு கையால் பிடித்துச் சட்டென்று திருப்புவது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. "எக்ஸ்ரே நார்மல், தைரியமாகச் செய்யலாம்" என்பதும் செல்லாது. இன்று இயல்பாக இருக்கும் படம் நாளைக்கு உத்தரவாதம் ஆகாது. மற்றக் குழந்தைகளிலும்கூட அந்த முளை தன் எலும்போடு எலும்பாக ஒட்டுவது மூன்று முதல் ஆறு வயதுக்குள்தான். அதுவரை நடுவில் இருப்பது குருத்தெலும்பு.

மூளையில் நீர் கோத்து ஷன்ட் (அந்த நீரை வடிக்கும் குழாய்) வைத்த குழந்தைகளுக்கு அந்தக் குழாய் காதின் பின்னால் இறங்கி, கழுத்துத் தோலுக்கு அடியில் ஓடி, வயிற்றுக்குப் போகிறது. விரலால் தடவினால் கயிறுபோலத் தட்டுப்படும். அங்கே அழுத்தித் தேய்ப்பதையும் முறுக்குவதையும் யாருக்கும் அனுமதிக்காதீர்கள். பிறவியிலேயே தண்டுவடம் மூடாமல் பிறந்த குழந்தைகளில் பலருக்குச் சிறுமூளையின் அடிப்பகுதி கழுத்துக்குள் இறங்கியிருக்கும். அவர்களுக்கும் கழுத்து முறுக்கல் கூடவே கூடாது.

மூளை முடக்குவாதத்தில் ஆபத்து கழுத்தோடு நிற்பதில்லை. நடக்காத குழந்தைகளின் எலும்பு சுண்ணாம்புச்சத்துக் குறைந்து மெலிந்திருக்கும். விறைத்த காலைப் பலவந்தமாக நீட்டினால் தொடையெலும்பு முழங்காலுக்குச் சற்று மேலே முறியும். பேச முடியாத குழந்தை அழும். அழுகையைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வார்கள். துணி மாற்றும்போதெல்லாம் புதிதாக அழுதால், முழங்காலுக்கு மேலே வீக்கமோ சூடோ இருந்தால், அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இன்னொன்று இடுப்பு மூட்டு. மூளை முடக்குவாதக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்புப் பந்து கிண்ணத்தை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். ஆரம்பத்தில் வலிக்காது, வெளியில் தெரியாது. இதைக் கையால் "உட்கார வைப்பதாக"ச் சொல்லி மாதக்கணக்கில் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். காரணம் இறுகிய தசையின் இழுப்பும் நிற்காததால் ஆழமாகாத கிண்ணமும். கை இழுத்து அது திரும்பாது. முறையாக எடுத்த இடுப்பு எக்ஸ்ரேயை ஆறு மாதத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ ஒருமுறை ஒப்பிட்டால் நேரத்தோடு பிடித்துவிடலாம். சுவீடனின் தென்பகுதியில் 1994 முதல் இப்படிக் கண்காணிக்கத் தொடங்கிய பின் இடுப்பு முழுவதும் நழுவுவது மிக அரிதாகிவிட்டது. நம் பகுதியில் பல குழந்தைகளுக்கு முதல் இடுப்பு எக்ஸ்ரே எடுப்பதே மூட்டு முழுக்க நழுவிய பிறகுதான்.

கடைசியாக வலிப்பு. ஆட்டிசத்தோடும் மூளை முடக்குவாதத்தோடும் வலிப்பு சேர்ந்து வருவது சாதாரணம். "நரம்புத் தடை நீங்கிவிட்டது, இனி மாத்திரை வேண்டாம்" என்ற வார்த்தை கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வால்ப்ரோயேட் போன்ற வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பதானால் எழுதிக்கொடுத்த மருத்துவர் வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைப்பார். ஒரு வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். வாயில் கரண்டியோ கையில் சாவியோ வேண்டாம்.

இவ்வளவு சொன்னதால் கைவைத்துச் செய்யும் எதுவும் கெடுதல் என்று நாங்கள் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குமரி மாவட்டத்தில் வர்ம ஆசான்மார்களின் கைப்பழக்கத்துக்கு நீண்ட மரபு உண்டு. சித்த மருத்துவத்தில் தொக்கணம் (கையால் தடவிப் பிடித்துவிடுவது) ஒரு சிகிச்சைப் பிரிவே. சூடான எண்ணெயில் மெதுவாகத் தடவுவது குழந்தையைச் சாந்தப்படுத்துகிறது, சிலருக்குத் தூக்கமும் வருகிறது. அழுத்தமான தொடுகையை ஆட்டிசக் குழந்தைகளில் பலர் விரும்பித் தேடுவார்கள். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே போய் நுழைந்துகொள்வது அதனால்தான். ஆகவே முகாமுக்குப் போய் வந்த இரவு குழந்தை நன்றாகத் தூங்கினான் என்று ஒரு தாய் சொன்னால் அதை நாங்கள் நம்புகிறோம். அரைமணி நேரம் ஒருவர் முழுக் கவனத்தோடு முதுகைத் தடவினால் தூக்கம் வரும். அதே தடவலை வீட்டில் இரவுதோறும் பத்து நிமிடம் அம்மாவோ அப்பாவோ செய்யலாம்: காலிலிருந்து மேல்நோக்கி, ஒரே வேகத்தில், குழந்தை கையைத் தள்ளினால் உடனே நிறுத்தி. கழுத்தை விட்டுவிடுங்கள். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும்போது கழுத்து உறுதியாகும் என்று தலையைப் பிடித்துத் தூக்குவதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. பாட்டிமார்கள் கோபித்துக்கொண்டாலும் அது வேண்டாம்.

பிரச்சினை தடவுவதில் இல்லை. குழந்தை தடுக்க முடியாத வேகத்தில் மூட்டை அதன் எல்லைக்குக் கொண்டுபோய்த் தள்ளுவதில் இருக்கிறது. யாரிடம் போனாலும் முதலில் இதைக் கேளுங்கள்: கழுத்தில் வேகமாகத் திருப்புவீர்களா? ஆம் என்றால் பேச்சு முடிந்தது. பிறகு பதிவு எண். இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கு என்று சட்டப்படியான கவுன்சில் கிடையாது. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் எந்த ஊர்ப் பயிற்சி வகுப்பில் வாங்கியதாகவும் இருக்கலாம். சித்த மருத்துவர் என்றால் மாநில சித்த மருத்துவக் கவுன்சில் பதிவு இருக்கும். சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். எங்களிடமும் தயங்காமல் கேளுங்கள். குழந்தையின் பழைய சீட்டுகளை அவர் படித்தாரா, நீங்கள் உள்ளே உட்கார அனுமதிக்கிறாரா என்பதையும் பாருங்கள். பெற்றோரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தும் இடம் எந்தப் பெயரில் இருந்தாலும் வேண்டாம்.

சிகிச்சை பலிக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. எண்ணக்கூடிய இரண்டே விஷயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை முறை விழித்தான், ஒரு நாளில் தானாக எத்தனை முறை எதையாவது கேட்டான், இப்படி. "கொஞ்சம் உஷாராகிவிட்டான்" என்பது எண்ண முடியாதது, எனவே உதவாது. புதிதாக எதையும் தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் நோட்டில் குறியுங்கள். பிறகு ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் கொண்டுவந்து மேலும் குறியுங்கள். பள்ளி திறந்த வாரத்தில், மருந்து மாற்றிய வாரத்தில், ஊர்த் திருவிழா வாரத்தில் தொடங்க வேண்டாம். முடிந்தால் ஆசிரியரிடமும் தனியாக ஒரு நோட்டுக் கொடுங்கள், எதைத் தொடங்கினீர்கள் என்று சொல்லாமல். பணம் கட்டிய கண்ணுக்கு முன்னேற்றம் தெரிவது மனித இயல்பு. பெற்றோரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. குழந்தை மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான் பெற்றோர் புதிய இடத்தைத் தேடுகிறார்கள். மோசமான வாரத்துக்கு அடுத்த வாரம் தானாகவே கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும்.

இந்த அளவுகோல் எங்களுக்கும் பொருந்தும். ஓ.டி. மையங்களில் விற்கப்படும் கனமான போர்வை நல்ல உதாரணம். பிரிட்டனில் ஆட்டிசக் குழந்தைகளிடம் 2014ல் வெளியான ஆய்வில் கனமான போர்வை சாதாரணப் போர்வையைவிடத் தூக்கத்தைக் கூட்டவில்லை. குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது, அவ்வளவே. புலனுணர்வு ஒருங்கிணைப்புப் பயிற்சிக்கான ஆதாரம் குறைவு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2012லேயே எழுதியிருக்கிறது. மூன்று மாதம் ஊஞ்சலாட்டியும் நோட்டில் எதுவும் மாறவில்லை என்றால் பெற்றோர் எங்களைக் கேள்வி கேட்க வேண்டும்.

சரி, குழந்தையின் அன்றாட நலனுக்கு எது உண்மையில் உதவும்? முகாமுக்குப் போகும் பெற்றோர் சொல்லும் குறைகளைக் கேட்டால் பெரும்பாலும் தூக்கமின்மை, எரிச்சல், அடம், தலையில் அடித்துக்கொள்வது. பேசத் தெரியாத குழந்தையிடம் இவற்றுக்குப் பின்னால் ஒரு சாதாரண உடல் உபாதை ஒளிந்திருப்பது மிக அதிகம். முதலில் பாருங்கள் மலச்சிக்கலை. வாரத்துக்கு மூன்று தடவைக்குக் குறைவாகப் போவது, கட்டியாகப் போவது, ஜட்டியில் அடிக்கடி லேசாகக் கறை படிவது. கடைசியாகச் சொன்னதைப் பலர் வயிற்றுப்போக்கு என்று நினைத்து மலம் கட்டும் மருந்து கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே அடைத்துக்கொண்ட கட்டியைச் சுற்றி ஒழுகி வரும் நீர் அது, மருந்து கொடுத்தால் கட்டி இன்னும் இறுகும். மருத்துவர் எடை பார்த்து பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியை நீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்வார். முதலில் சில நாள் கூடுதலாக, பிறகு குறைந்த அளவில் குறைந்தது இரண்டு மாதம். மலம் இளகியதும் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. குடல் மறுபடி சுருங்கித் தன் பழைய அளவுக்கு வரவே வாரக்கணக்கில் ஆகும். சாப்பிட்டு முடித்ததும் ஐந்து முதல் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் கழிப்பறையில் கால் தொங்கினால் முக்க முடியாது. காலுக்கு அடியில் ஒரு முக்காலியோ பலகையோ வைத்து முழங்கால் இடுப்பைவிட உயர இருக்கும்படி செய்யுங்கள். மரச்சீனியும் வெள்ளைச் சோறும் மட்டும் தின்னும் குழந்தைக்குப் பயறு, கீரை, பழம் எப்படிப் பழக்குவது என்பது தனிக் கதை. புதிய உணவைத் தட்டின் ஓரத்தில் வெறுமனே வைப்பதிலிருந்து தொடங்க வேண்டும், ஊட்டுவதிலிருந்து அல்ல.

அடுத்தது பல்லும் காதும். ஒரு பக்கமாகவே மெல்வது, கன்னத்தில் அடித்துக்கொள்வது, குளிர்ந்த நீரைக் கண்டதும் முகம் சுளிப்பது பல் சொத்தையின் அடையாளம். தலையில் அடித்துக்கொள்ளும் குழந்தையின் காதை மருத்துவர் கருவி வைத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள். தூக்கத்தில் காலை உதைத்துக்கொண்டே இருந்தால் ஃபெரிடின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப்) பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஆய்வகச் சீட்டில் இயல்பு என்று போட்டிருந்தாலும் 50க்குக் கீழே இருந்தால் குழந்தை மருத்துவர் இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பது உண்டு. நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. இரும்புச்சத்து அளவு மீறினால் விஷம். சாப்பாட்டோடு குழந்தைக்குக் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள், இரும்பு உடம்பில் சேராது. தூக்கம் வராத குழந்தைக்கு நேரத்தை ஒழுங்குபடுத்தியும் பலிக்கவில்லை என்றால் மெலடோனின் என்ற தூக்க மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்; அதற்கு நல்ல ஆய்வுகள் உண்டு.

நட்டம் என்ன என்ற கேள்விக்கு எங்கள் முதல் பதில் காலம். பேக்கேஜ் பேக்கேஜாகப் பணம் கட்டி ஒன்றரை வயதில் தொடங்கி மூன்று வயது வரை கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தால், பேச்சுக்கும் விளையாட்டுக்கும் அடித்தளம் போட வேண்டிய மாதங்கள் போய்விடுகின்றன. எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு உண்மையில் வசதி அதிகம். 2013ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின்கீழ் பிறந்தது முதல் 18 வயது வரை இலவசமாகப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இரண்டு மாநிலங்களிலும் உண்டு. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலே சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான 17 கேள்விகள் கொண்ட திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை அங்கே உருவானதுதான். குழந்தையின் வயது மாதத்தின் மேல் ஒரு பென்சிலை நேராக நிறுத்தி வைப்பார்கள். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட கோடுகளுக்குரிய செயல்களில் ஏதாவது ஒன்றைக் குழந்தை செய்யவில்லை என்றாலும் மேல்பரிசோதனை. ஐந்து நிமிடத்தில் ஓர் அங்கன்வாடி ஆசிரியை செய்துவிடலாம். கேட்புக்கும் பேச்சுக்கும் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் நிஷ் (தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம்) இருக்கிறது. பேச்சுத் தாமதம் என்று யார் சொன்னாலும் முதலில் காது கேட்கிறதா என்று கருவியில் பார்த்துவிட வேண்டும். கை தட்டிப் பார்த்தது கணக்கில் சேராது.

இங்கே ஒரு உள்ளூர்ச் சிக்கல். வீட்டில் தமிழ், மையத்தில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம். குழம்பிவிடும் என்று பயந்து பெற்றோர் தமிழை நிறுத்தித் தெரியாத ஆங்கிலத்தில் "கம், சிட், ஈட்" என்கிறார்கள். இரு மொழி கேட்பது ஆட்டிசக் குழந்தைகளின் பேச்சைக் கெடுப்பதில்லை என்பது பல ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. அம்மாவுக்குச் சரளமாக வரும் மொழியிலேயே பேசுங்கள். பயிற்சியாளரிடம் வீட்டில் பயன்படும் இருபது முப்பது சொற்களைத் தமிழில் எழுதிக்கொடுங்கள்.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. முறையான தெரபிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும். எல்லைக்கு அப்பால் சிகிச்சை பார்க்கிறோம் என்று அதை எடுக்காமல் விடாதீர்கள்.

இனி உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரங்கள் தடைச் சட்டத்தின் பட்டியலில் மூளை நோய்களும் நரம்பு மண்டல நோய்களும் வலிப்பும் பக்கவாதமும் உள்ளன. ஆனால் அது மருந்தையும் மந்திரப் பொருளையும் பற்றிப் பேசும் சட்டம். கையால் செய்யும் சிகிச்சை அதன் கையில் எளிதில் சிக்காது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. வழக்கமான தொழில் நடைமுறையில் வெளியிட்டேன் என்று சொல்லித் தப்ப இடம் வைத்திருந்தாலும், வெளியிடுபவரையும் அது பெயர் சொல்லிச் சேர்க்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் குறைபாட்டைக் குணப்படுத்துவதாக வரும் விளம்பரங்களிலும் முகாம் செய்திகளிலும் செய்பவரின் பெயர், பதிவு எண், பதிவு செய்த கவுன்சில் மூன்றும் இல்லாவிட்டால் அச்சேற்ற வேண்டாம். நாளிதழுக்குள் செருகி வரும் நோட்டீஸ் முகவர் மட்டத்தில் நடப்பது என்று எங்களுக்குத் தெரியும். முகவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப முடியுமே.

அதோடு, இந்தக் கடிதம் முழுவதற்கும் இடம் இல்லையென்றால் பின்வரும் பகுதியை மட்டுமாவது பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். குழந்தையின் கழுத்தை யாராவது முறுக்கிய பிறகு, அன்றோ அடுத்த சில நாள்களிலோ, ஓயாத வாந்தி, வழக்கமில்லாத மயக்கம், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே இருப்பது, நடை தடுமாறுவது அல்லது நடந்த குழந்தை நடக்க மறுப்பது, கை கால் பலம் குறைவது, நின்றுபோயிருந்த சிறுநீர்க் கசிவு மறுபடி தொடங்குவது, இதில் எது வந்தாலும் கழுத்தை அசைக்காமல் படுக்க வைத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். தலைக்கு இரு பக்கமும் சுருட்டிய துண்டை வைத்துக்கொள்ளலாம். போனதும் முதல் வார்த்தையாக "கழுத்தை முறுக்கினார்கள்" என்று சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று அதை மறைத்தால் மருத்துவர் வயிற்றையும் காய்ச்சலையும் பார்த்துக்கொண்டிருப்பார், தண்டுவடத்தைப் பார்க்க வேண்டிய மணிநேரம் போய்விடும்.

இப்படிக்கு,
குழந்தைகள் மறுவாழ்வுப் பணியாளர்கள் சிலர்,
மார்த்தாண்டம் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.